கிளட்ச் வழக்குகள்

மேட்டுப்பாளையத்தில் கிளட்ச் வேலைக்குப் பஞ்சம் வந்து நான் பார்த்ததில்லை. ஊர் இருப்பது கடல் மட்டத்துக்கு மேலே முந்நூறு மீட்டர் சொச்சத்தில். ஊட்டி 2,240 மீட்டரில். இரண்டுக்கும் நடுவே சுமார் 50 கிலோமீட்டர் சாலை. போகும்போது அரிசி, சிமெண்ட், உர மூட்டை. வரும்போது கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. ஏற்றம் கிளட்சைத் தின்னும், இறக்கம் பிரேக்கைத் தின்னும். இந்த இரண்டையும் நம்பித்தான் எங்கள் ஊரில் பல பட்டறைகளில் அடுப்பெரிந்தது.

அப்படியொரு பட்டறையில் 1970களின் கடைசியில் நான் எடுபிடியாகச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் எனக்குப் புரியாத சங்கதி ஒன்று உண்டு. கிளட்ச் போய்விட்டது என்று ஒரு பிக்கப் ஜீப் வந்தால் கூடவே இரண்டு பேர் வருவார்கள், முதலாளியும் டிரைவரும். வருவது ஒரே வண்டியில்தான், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். தொழில் கற்றுக்கொடுத்த எங்கள் வாத்தியார் ஸ்பேனரைத் தொடுமுன் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். முதலாளியிடம் என்ன பாரம் ஏற்றுகிறீர்கள் என்று கேட்பார். டிரைவரிடம் எந்த வளைவில் முதலில் வாடை வந்தது என்று கேட்பார். வேலையை விட்டுவிட்டு ஊர் நியாயம் பேசுகிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

அது நியாயந்தான், பஞ்சாயத்து நியாயம். கிளட்ச் எரிந்தது டிரைவரின் காலால் என்று முடிவானால் அந்தச் செலவு அவர் சம்பளத்தில் பிடிக்கப்படும். ஆயில் சீல் போனதால் என்றால் முதலாளி தலையில் விழும். சரியாக அட்ஜஸ்ட் செய்யாமல் விட்டதால் என்றால் எங்கள் தலையிலேயே விழும். இந்த மூவரில் யார் பணம் கட்டுவது என்று தெரிந்தாக வேண்டும். பழைய வண்டிகளில் கிளட்ச் கோளாறைக் கண்டுபிடிக்கும் கலை இவ்வளவு நுணுக்கமாக வளர்ந்ததற்கு இந்த வழக்குதான் காரணம் என்பது என் கட்சி. பொறியியல் புத்தகங்கள் வேறு காரணம் சொல்லும். சொல்லட்டும்.

கிளட்ச் என்ற ஒன்று எதற்கு வந்தது என்பதை எங்கள் ஊர் ஸ்டேஷனில் நின்றாலே புரிந்துகொள்ளலாம். 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் ஊட்டி வரைக்கும் போன மலை ரயிலின் நீராவி எஞ்சினுக்குக் கிளட்ச் கிடையாது. நீராவி, சக்கரம் நின்றுகொண்டிருக்கும்போதே பிஸ்டனை முழுப் பலத்தோடு தள்ளும். கல்லாறு தாண்டிப் பல்சக்கரப் பாதையில், பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்திலும் நின்ற இடத்திலிருந்தே இழுத்துப் புறப்பட முடியும். சென்னையில் சிம்ப்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் கட்டிய மோட்டார் காரும் நீராவியில் ஓடியதுதான். பெட்ரோல், டீசல் எஞ்சின்களின் கதை வேறு. சுற்றிக்கொண்டிருந்தால்தான் அவற்றுக்குப் பலம். நின்றால் செத்தது. சுற்றுகிற எஞ்சினை நிற்கிற சக்கரத்தோடு முறியாமல் சேர்த்துவைக்க நடுவில் ஒரு தரகர் வேண்டும். தரகர் என்று வந்துவிட்டால் இரண்டு பக்கத்து ஏச்சும் அவருக்குத்தான்.

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் தோல் பட்டைதான் அந்த வேலையைப் பார்த்தது. சும்மா சுழலும் கப்பியிலிருந்து பிடிப்புள்ள கப்பிக்குப் பட்டையைத் தள்ளினால் வண்டி நகரும். அடுத்து வந்தது கூம்பு கிளட்ச். ஃப்ளைவீலுக்குள் குடைந்த கூம்புக் குழியில் தோல் போர்த்திய இன்னொரு கூம்பு போய் உட்காரும். தோல் காய்ந்துவிட்டால் வெடுக்கென்று பிடித்து வண்டி குதிக்கும். எண்ணெய் ஏறிவிட்டால் வழுக்கும். அந்தக் காலத்துக் கார்க்காரர்கள் காய்ந்த தோலுக்கு ஆமணக்கெண்ணெய் தடவினார்கள், வழுக்குகிற தோலுக்கு முல்தானி மட்டி வகைக் களிமண் பொடியைத் தூவினார்கள். பெண்கள் முகத்தில் எண்ணெய் வடிந்தால் பூசுகிற அதே சரக்கு. இப்போது சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் இரண்டு வியாதிக்கும் இரண்டு மருந்து என்று தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்களே, நோய் பார்ப்பதில் அது முதல் பாடம். பிடிக்காமல் போவது ஒன்று, விடாமல் போவது இன்னொன்று. நூறு வருஷம் கழித்தும் கிளட்ச் வியாதிகளில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது.

பேராசிரியர் ஹெலி-ஷா என்பவர் நிறையத் தட்டுகளை எண்ணெய்க்குள் அடுக்கி ஒரு கிளட்ச் செய்தார். ஹென்றி ஃபோர்டின் மாடல் டி காரிலும் எண்ணெயில் ஊறும் தட்டுகள்தான். குளிர்நாடுகளில் காலையில் எண்ணெய் கெட்டியாகித் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும்; முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற ஆள்மீதே கார் ஊர்ந்து வரும். 1926-இல் ஃபோர்டு இந்தியக் கிளையைத் தொடங்கிச் சென்னை, பம்பாய், கல்கத்தாவில் வண்டி பூட்டத் தொடங்கியபோது மாடல் டி ஓய்வுபெறும் வயதில் இருந்தது. அதற்குள் உலகம் ஒற்றை உலர் தட்டுக்கு மாறத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் போர்க் அண்ட் பெக் கம்பெனி அதைப் பெருவாரியாகச் செய்தது. ஃப்ளைவீல், பிரஷர் பிளேட், இரண்டுக்கும் நடுவில் சிக்கிய ஒரு தட்டு. இன்று எங்கள் பட்டறைக் குழியின்மேல் வந்து நிற்கும் எந்தப் பிக்கப்பைத் திறந்தாலும் அதே மூன்று ஆசாமிகள்தான்.

அந்தத் தட்டின் இரண்டு முகத்திலும் ஒட்டியிருக்கும் லைனிங்குக்குத் தனிக் கதை இருக்கிறது. இங்கிலாந்தில் டார்பிஷைர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், குதிரை வண்டிகள் சரிவில் இறங்கப் படும் பாட்டைப் பார்த்து, 1897 வாக்கில் பிரேக் கட்டைகளுக்கு நல்ல உறை தேடத் தொடங்கினார். ஃபெரோடோ என்ற பெயர் அவருடைய பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வந்தது. பின்னால் அந்த உறையில் கல்நார் சேர்ந்தது. சூட்டுக்கு அஞ்சாத நார் என்பதால் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் அதுவே கதி என்றாயிற்று. ஒரு மலைச்சரிவின் கவலையில் பிறந்த சரக்கு இன்னொரு மலையடிவாரத்தில் எங்களுக்குச் சோறு போட்டது. கூடவே வேறொன்றையும் போட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் மோட்டார் போக்குவரத்தை ஊன்றியவர்கள் என்று இரண்டு பெயரை எல்லோரும் சொல்வார்கள். 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய கம்பெனி ஒன்று. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ்ஸை வாங்கித் தானே ஓட்டிய ஜி.டி. நாயுடு இன்னொன்று. நாயுடு முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. அவருடைய முதல் பஸ்ஸுக்குக் கிளட்ச் வழக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. வண்டி இரண்டு, மூன்று என்று பெருகி, ஓட்டுவது ஒருவர் கையிலும் உடைமை வேறொருவர் கையிலும் போன பிறகுதான் வழக்கு பிறக்கிறது.

சின்னப் பாரவண்டிகளில் எங்கள் மலையை ஆண்டது ஜீப் வம்சம். யுத்தத்துக்குச் செய்த வில்லிஸ் ஜீப்பை 1940களின் இறுதியிலிருந்து மகிந்திரா இங்கே பூட்டத் தொடங்கியது. பின்பக்கத்தை நீட்டித் தொட்டி வைத்தால் அது பிக்கப். முதலில் பெட்ரோல் எஞ்சின், பிற்பாடு டீசல். பெஜோ நிறுவனத்தின் உரிமத்தில் வந்த 2,112 சிசி டீசல் எஞ்சின் 1980களில் மலைக்கார வியாபாரிகளுக்குக் குலதெய்வம் மாதிரி. பழைய மூன்று கியர் பெட்டியில் முதல் கியருக்கு, வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோ கிடையாது. வளைவில் வேகம் செத்து முதல் கியருக்கு இறங்க வேண்டுமானால் டபுள் கிளட்ச் போட வேண்டும். மிதித்து நியூட்ரல், விட்டு ஒரு ரேஸ், மறுபடி மிதித்து முதல் கியர். ஒரு வளைவுக்கு மற்ற ஊர் டிரைவர் ஒரு தடவை மிதித்தால் எங்கள் டிரைவர் இரண்டு தடவை மிதிப்பார். ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவே கல்லட்டிச் சரிவில் 36 கொண்டை ஊசி வளைவுகள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விசாரணை. வாத்தியார் கியர்பாக்ஸை லேசில் இறக்கவிடமாட்டார். ஜீப்பில் கியர்பாக்ஸோடு டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து தொங்கும். முன் தரைத் தகட்டைக் கழற்றி, ஷாஃப்டுகளைப் பிரித்து, இரண்டு ஆள் தோள் கொடுத்து, பலகையும் ஜாக்கியும் வைத்து இறக்க அரைநாள். ஏற்ற இன்னொரு அரைநாள். இறக்கிப் பார்த்துக் கிளட்ச் நன்றாகவே இருந்தால் அந்த ஒரு நாள் கூலியை யாரிடம் கேட்பது? அதனால் மூடியிருக்கும்போதே உள்ளே நடப்பதைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் பெடலைக் கையால் அமுக்குவார், காலால் அமுக்கமாட்டார். ஜீப்பில் பெடல் முக்கால் அங்குலமாவது சும்மா இறங்கி, அதற்குப் பிறகுதான் கனம் தட்ட வேண்டும். அதற்கு ஃப்ரீ பிளே என்று பெயர். இது ஏன் முக்கியம் என்றால், தட்டின் லைனிங் தேயத் தேயப் பிரஷர் பிளேட்டின் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி நெருங்கி வரும், ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே போகும். முழுக்கப் போய்விட்டால் யாரும் மிதிக்காமலே பேரிங் விரல்களை அழுத்திக்கொண்டிருக்கும். கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே வண்டி மலை ஏறும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது, வாடை வரும். பார்க்கிறவர்களுக்கு டிரைவர் காலை எடுக்கவில்லை என்று தோன்றும். உண்மையில் ராடில் ஒரு நட்டைச் சில சுற்றுத் திருகியிருந்தால் தீர்ந்திருக்கும். முதலாளியின் கோபத்துக்குப் பாதிக் காரணம் இந்த நட்டுதான் என்பார் வாத்தியார்.

அடுத்து நிற்க வைத்துச் சோதனை. கைபிரேக்கை இழுத்து, முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, டாப் கியரில் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்துக் கிளட்சை மெதுவாக விட வேண்டும். நல்ல கிளட்சானால் எஞ்சின் இருமி நின்றுவிடும். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் தட்டு வழுக்குகிறது. இதை ஒரு தடவைக்கு மேல் செய்யக்கூடாது. சந்தேகம் தீர நாலு தடவை செய்து பார்த்து, அரைகுறையாக இருந்த தட்டை முழுசாக எரித்து அனுப்பிய பட்டறைகளும் உண்டு.

விடாத கிளட்சுக்குச் சோதனை வேறு. எஞ்சின் ஓடும்போது முழுக்க மிதித்து, நாலைந்து விநாடி பொறுத்து, ரிவர்ஸ் போட வேண்டும். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ இல்லாததால் அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. கிளட்ச் முழுக்க விட்டிருந்தால் உள்ளே சுற்றுகிற ஷாஃப்ட் அதற்குள் அடங்கிக் கியர் அமைதியாக விழும். கர்ரென்று அரைத்தால் தட்டு இன்னும் ஒட்டிச் சுற்றுகிறது. அதற்குக் கேபிள் நீண்டிருக்கலாம், குறுக்குக் குழாயின் உருண்டை முனைகள் தேய்ந்து பெடல் அசைவை விழுங்கியிருக்கலாம், தட்டு வளைந்திருக்கலாம். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்திப்போட்ட வண்டி என்றால் தட்டு ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியே இருக்கும். அதற்குக் கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லை. எதிரில் ஆளில்லாத இடமாகப் பார்த்து, கிளட்சை மிதித்தபடி டாப் கியரில் ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

சத்தத்தைக் கேட்பதற்கு வாத்தியாரிடம் இருந்த கருவி ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவர். முனையைப் பெல் ஹவுசிங்கில் ஊன்றிப் பிடியைக் காதெலும்பில் வைப்பார். நியூட்ரலில் நிற்கும்போது உறுமி, மிதித்தவுடன் அடங்கினால் கியர்பாக்ஸின் முன் பேரிங். பெடலில் கால் பட்டவுடனே கீச்சிடத் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். கியரில் போட்டு முழுக்க மிதித்து நிற்கும்போது மட்டும் அழுதால் கிராங்க் முனைக்குள் உட்கார்ந்திருக்கும் பைலட் புஷ். கிளம்பும்போது வண்டி உதறுகிறது என்று வந்தால் அவர் கிளட்சைப் பார்க்கவே மாட்டார். முதலில் எஞ்சின் மவுண்டிங் ரப்பர், பிறகு ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட், பிறகு ஷாஃப்ட் கிராஸ். இந்த மூன்றையும் முறுக்கிச் சரிசெய்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தால் பாதி உதறல் போயிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஓட்டைச் சோதனை. ஆற்றில் இறங்குகிற வண்டி என்பதால் யுத்தகால ஜீப்பின் பெல் ஹவுசிங் அடியில் ஒரு துளை உண்டு. தண்ணீரில் இறங்குமுன் திருகி அடைத்துக்கொள்ள வேண்டும், மற்ற நேரம் திறந்திருக்கும். அதில் எண்ணெய் சொட்டினால் வாத்தியார் ஒரு சொட்டை விரலில் ஏந்தி, கட்டைவிரலால் தேய்த்து, முகர்வார். கறுப்பாக, இளகலாக இருந்தால் எஞ்சின் ஆயில்; கிராங்கின் பின் சீல் போயிருக்கிறது. கெட்டியாகக் கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். பெட்டியின் முன் சீல். எதுவானாலும் டிரைவர் அந்த நிமிஷமே விடுதலை. எண்ணெய் குடித்த லைனிங்கை எந்தக் கெட்டிக்காரக் காலாலும் பிடிக்க வைக்க முடியாது. முதலாளிக்கு முகம் சுண்டும். "ஏனுங்க வாத்தியாரே, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க" என்பார். வாத்தியார் விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டுவார்.

சில வழக்குகள் இறக்கிய பிறகுதான் தீரும். அப்போது சாட்சி சொல்வது தட்டும் ஃப்ளைவீலும். லைனிங் இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தேய்ந்து ரிவிட் தலை தெரிந்தால் அது வயது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஃப்ளைவீலில் ஊதா, நீலத் திட்டுகளும் முடி போன்ற கீறல்களும் இருந்தால் சூடு, பெரும்பாலும் பாதி மிதித்தே வண்டியைச் சரிவில் நிறுத்தி வைத்திருப்பார்கள். ரிலீஸ் பேரிங் முகமும் பிரஷர் பிளேட் விரல் நுனிகளும் மட்டும் கண்ணாடியாகத் தேய்ந்திருந்தால் டிரைவருக்குப் பெடல்மேல் கால் போட்டு உட்காரும் பழக்கம். அம்பாஸடர் காரில் ரிலீஸ் பேரிங் என்பதே ஒரு கார்பன் வளையம். கால் ஊன்றும் டிரைவரை அது சில மாதத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். நடுவிலிருக்கும் சுருள்கள் உடைந்திருந்தால் குதித்துக் கிளம்பும் பழக்கம், அல்லது தாங்காத பாரம். இந்தக் கடைசிச் சாட்சியில்தான் வாத்தியார் தடுமாறுவார். முக்கால் டன் ஏற்ற வேண்டிய வண்டியில் இரண்டு டன் கேரட் ஏற்றிவிட்டு டிரைவரை எப்படிக் குறை சொல்வது? மூட்டைக் கணக்கை முதலாளி ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. மண்டியில் விசாரித்துக் கண்டுபிடிப்போம்.

எல்லாத் தீர்ப்பும் நியாயமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அடுத்த மாதமும் வேலை தருகிறவர் முதலாளி. டிரைவர் இன்று இருப்பார், நாளை வேறு வண்டிக்குப் போவார். சாட்சி இரண்டு பக்கமும் பேசினால் பல பட்டறைகள் டிரைவரின் காலையே குற்றவாளியாக்கின. எங்கள் பட்டறையிலும் அது நடந்திருக்கிறது.

டிரைவர்களுக்கும் அவர்கள் வித்தை உண்டு. நடுமலையில் கேபிள் அறுந்தால் வண்டியைப் போட்டுவிட்டு இறங்கமாட்டார்கள். எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, ஸ்டார்ட்டரைக் கொடுத்தால் வண்டி துள்ளி நகர்ந்தபடியே எஞ்சினும் பிடித்துக்கொள்ளும். பிறகு ரேஸைச் சரியாக அளந்து, பெடலைத் தொடாமலே கியர் மாற்றி ஊர் வந்து சேர்வார்கள். இப்படி வந்து இறங்கிய ஆளிடம் உனக்குக் கிளட்ச் போடத் தெரியவில்லை என்று சொல்ல எந்த முதலாளிக்கும் வாய் வராது.

அந்தக் காலத்தில் தட்டைத் தூக்கிப் போடுவதில்லை. தேய்ந்த லைனிங்கை உளியால் பெயர்த்துவிட்டுப் புது லைனிங் வைத்து ரிவிட் அடிப்போம். 1974-இல் தொடங்கிய சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் போன்ற சென்னைக் கம்பெனிகளின் சரக்கு கோயம்புத்தூர் கடைகளில் கிடைக்கும். ஃப்ளைவீலை லேத்தில் ஒரு முகம் பிடிப்போம். பிரஷர் பிளேட் விரல்களை ஒரே மட்டத்துக்கு வைப்போம். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் பெடல் காலில் துடிக்கும். தட்டை நடுவில் நிறுத்தப் பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றை ஆணியில் மாட்டி வைத்திருப்போம்.

பெயர்க்குமுன் பெல் ஹவுசிங்குக்குள் காற்றடிப்போம். சாம்பல் நிறத்தில் மாவுபோலத் தூசு எழுந்து பட்டறை முழுக்கப் படரும். அது கல்நார்த் தூசு. மூக்கில் துண்டைக் கட்டியவர்களைக் கேலி செய்வோம். இருமினால் பீடியைக் குற்றம் சொல்வோம். கல்நார் நுரையீரலை இறுகச் செய்யும், புற்றுநோய் கொண்டுவரும், அதுவும் இருபது முப்பது வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும் என்பதெல்லாம் அப்போது எங்கள் காதுக்கு எட்டவில்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளை 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அது ஆலைகளுக்கு. குழிக்குள் நின்று காற்றடித்த பையனுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் கல்நாரை முற்றாக விலக்கிவிட்டது. இங்கே பெரிய கம்பெனிகள் வேறு நாருக்கு மாறின, மலிவுச் சரக்கில் என்ன இருக்கிறது என்று பார்வைக்குத் தெரியாது. யார் எரித்தது என்று அவ்வளவு விசாரித்த நாங்கள் எரிந்ததில் என்ன இருந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

கேபிள் போய் எண்ணெய் வந்தது அடுத்த மாற்றம். அம்பாஸடரில் முன்பே இருந்தது. 1986-இல் வந்த டாடா 407 வழியாகப் பாரவண்டிக்காரர்களுக்கும் பழகிவிட்டது. பெடலுக்குப் பக்கத்தில் ஒரு மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் ஓரத்தில் ஒரு ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் குழாய். இதற்கு விசாரணை சுலபம். கியர் விழவில்லையா, பெடலை நாலு தடவை பம்ப் செய்து பார். அப்போது விழுந்தால் தட்டில் குற்றமில்லை, குழாயில் காற்று இருக்கிறது அல்லது சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது. டிரைவர் கால்மிதியைத் தூக்கிப் பார், ஈரமானால் மாஸ்டர். ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கிப் பார், ஈரமானால் ஸ்லேவ். இந்தக் குழாயில் ஓடுவதும் பிரேக் திரவந்தான். ஆரம்பகாலப் பிரேக் திரவங்களில் ஆமணக்கெண்ணெய்தான் முக்கியச் சரக்கு. ரப்பரை அது கெடுக்காது. தோல் கூம்புக்குத் தடவியது வேறு உருவத்தில் திரும்பி வந்திருந்தது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றி வைத்துவிட்டு வருகிறவர்களுடைய ரப்பர் கப்புகள் ஊதி உப்பி, பெடல் மேலே வராமல் நிற்கும். அந்த வழக்கில் தீர்ப்புக்கு அரை நிமிஷம் போதும்.

பிரஷர் பிளேட்டும் மாறியது. சுருள் ஸ்பிரிங்குகள் போய் ஒற்றை வட்டத் தகடு வந்தது. அமெரிக்காவில் செவ்ரொலே அதை 1930களிலேயே போட்டுவிட்டது. ஐரோப்பாவில் 1965-இல் தொடங்கிய லூக் கம்பெனிதான் பெருவாரியாகச் செய்தது. இங்கே எங்கள் கைக்கு வர இன்னும் காலம் பிடித்தது. விரல்களை மட்டம் பார்க்கும் வேலை அத்தோடு ஒழிந்தது. பெடல் இலேசானது. டிரைவர்களுக்கு அது வரம் என்பதில் சந்தேகமில்லை. பழைய ஜீப்பை வருஷக்கணக்கில் மிதித்தவர்களின் இடது முழங்காலைக் கேட்டால் தெரியும்.

2005-இல் டாடா ஏஸ் வந்தது. பின்னாலேயே புதுப் பிக்கப்புகள் வரிசை கட்டின. எங்கள் தொழிலைப் புரட்டிப் போட்டது அவற்றின் இயந்திரத்தைவிட அவற்றின் கடன்தான். முன்பணம் கட்டினால் டிரைவரே முதலாளி. தன் காலால் தன் கிளட்சை எரித்துக்கொள்கிறவருக்கு விசாரணை எதற்கு? "என்னவோ போடுங்கண்ணா, சாயந்தரம் லோடு இருக்கு" என்பார். தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் ஒரே அட்டைப் பெட்டியில் செட்டாக வருகிறது. எது போயிருந்தாலும் மூன்றையும் மாற்றிவிடுவது. சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டரையே பேரிங்கோடு சேர்த்துப் பெல் ஹவுசிங்குக்குள் வைத்துவிட்டார்கள். சின்ன ரப்பர் ஒழுகினாலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். வெளியிலிருந்து முகர்ந்து பார்க்க ஒன்றுமில்லை. ரிவிட் அடிக்கும் கடைகள் ஒவ்வொன்றாக வேறு வேலைக்குப் போய்விட்டன.

வழக்கு ஒழிந்தது என்று நினைத்தேன். அது வேறு கோர்ட்டுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். புது வண்டி வாங்கி ஒரு வருஷத்துக்குள் கிளட்ச் வழுக்கினால் உரிமையாளர் வாரண்டி கேட்கிறார். கிளட்ச் தேய்மானப் பொருள், ஓட்டிய விதத்தில் தவறு என்று பதில் வருகிறது. நீலத் திட்டு விழுந்த ஃப்ளைவீலின் படத்தைப் போனில் காட்டுகிறார்கள். திட்டு உண்மைதான். ஆனால் சூடு ஒரு விளைவு. கால் ஊன்றினாலும் சூடேறும், சீல் கசிந்து வழுக்கினாலும் சூடேறும், ரிலீஸ் பேரிங் பின்வாங்காமல் சிக்கிக்கொண்டாலும் சூடேறும். படத்தை வைத்து இந்த மூன்றையும் பிரிக்க முடியாது. விரல் நுனிகளைப் பார்க்க வேண்டும், லைனிங்கை முகர வேண்டும், பெல் ஹவுசிங்கின் உள்சுவரில் எண்ணெய் தெறித்த கோடு இருக்கிறதா என்று தடவ வேண்டும்.

இப்போதும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் பில் கட்டிய பிறகு வருவார்கள். வேலைக்கு விடுகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கழற்றிய தட்டையும் பேரிங்கையும் துடைக்காமல், காற்றடிக்காமல், பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டித் தரச் சொல்லுங்கள். கழற்றுமுன் பெடலின் ஃப்ரீ பிளேயை அளந்து வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். போன மாதம் கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி அப்படியே கட்டிக் கொண்டுவந்தார். பையை அவிழ்த்ததும் கந்தக வாடை அடித்தது. எழுதிக் கொடுத்தேன். பணம் திரும்பி வந்ததா என்று அவர் இன்னும் சொல்லவில்லை.